பெட்டி பேசிக்கொண்டுதான் இருந்தது

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆரோக்கியம் சாரும் நானும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். வானிலை பலூனில் கட்டிவிட, ஒரு வருடம் பாடுபட்டு அவர் கையாலேயே ஒரு பெட்டி செய்தார். வெப்பம், ஈரப்பதம், தான் இருக்கும் இடம் எல்லாவற்றையும் அது ரேடியோவில் அனுப்பும். தரையில் கேட்டுப் பதிவுசெய்வது என் வேலை.

விராலிமலை மைதானத்தில் பலூனை விட்டோம். கணினியில் சிக்னல் பட்டை ஏறி நின்றது. ஒரு எண்கூட விழவில்லை.

"ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் வரலைங்க சார்."

பலூன் கண்ணுக்கு மறைந்தது. விழுந்த இடத்தைப் பெட்டிதான் சொல்ல வேண்டும். அதனால் அது கிடைக்கவே இல்லை. "எண்ணை அனுப்புற கம்பியில நான் வச்ச சால்டரிங்தான் விட்டுருச்சு போல," என்று அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் பதிவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். ரிசீவர் ஏ.எம்.மில் இருந்தது. காலையில் திருச்சியில் இறங்கும் விமானிகளின் பேச்சை வேடிக்கையாகக் கேட்டுவிட்டு, எஃப்.எம்.முக்கு மாற்ற மறந்திருக்கிறேன். பெட்டி தன் அலைவரிசையைச் சற்றே ஏற்றி இறக்கித்தான் எண்களைச் சொல்லும். ஏ.எம்.முக்கு அலையின் பலம் கூடிக் குறைவது மட்டுமே கேட்கும். அந்தப் பலமோ மாறவே இல்லை. பதிவானது வெறும் இரைச்சல். அதிலிருந்து இனி யாராலும் எதையும் மீட்க முடியாது.

மறுநாள் சொல்லிவிடத்தான் பள்ளிக்குப் போனேன். அதற்குள் அவர் சால்டரிங் அயர்னை என் மேசையில் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் கை சரியில்லைங்க."

வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கையில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.