ஒரு விரலில் திரும்பிய கார்

பயத்தில் நான் செய்த கோமாளித்தனங்களுக்குப் பட்டியல் போட்டால், முதலிடம் புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு நெல்வயலில் ஓடிய ஓட்டத்துக்குத்தான். அதைச் சொல்லி இன்றைக்கும் பலரைச் சிரிக்க வைக்கிறேன். முதல் தடவை சொன்னபோது மட்டும் கதையில் பயந்தவன் நானாக இல்லை.

கடலூரில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்கு அடுத்த வருடம். அப்பாவுக்கு அரிசி ஆலைகளுக்கு பெல்ட் விற்கும் வேலை. காட்டுமன்னார்கோயில், பெண்ணாடம் என்று சுற்றினால்தான் சம்பளம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது தோளில் பிளேட் வைத்துவிட்டார்கள். சோறு பிசையவே வலிக்கும் கை அது. இனி ஸ்கூட்டரைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அதனால்தான் பழைய சின்னக் கார் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. சின்னச் சக்கரம், ஒல்லி டயர். தெருவில் மெல்ல ஓட்டிக்கொண்டே, "ஒரு வெரல்ல திரும்புதுடா!" என்று திருப்பிக் காட்டினார். அடிபட்ட பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கோ மானம் போனது. "டேய், அது காரா, ஐஸ் வண்டியா?" என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள். மாமாவிடம் போய் அழுதேன். மாமா அம்மாவின் தம்பி. கார்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், சொந்தமாகக் கார் மட்டும் கிடையாது. ஒரே வாரத்தில் புதுச்சேரியிலிருந்து ஏதோ பெரிய காரில் கழற்றிய பதினாலு இஞ்ச் அலாய் வீலும், பாதி தேய்ந்த அகல டயருமாக வந்து இறங்கினார்.

"அகலமா இருந்தா ரோட்ட கவ்விப் புடிக்கும் மச்சான். வண்டி ஆடாது, அசையாது."

அப்பா டயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்குப் புடிச்சிருக்காடா?"

"செமையா இருக்குப்பா!"

மாட்டியாயிற்று. பழைய ஒல்லி டயர்கள் மாமா வீட்டு மாடிக்குப் போயின. மறுபடி பூஜை போட்டு, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நான்கும் நன்றாகவே நசுங்கின. பரிசோதனை அதோடு முடிந்தது.

அதன் பிறகு ஸ்டீயரிங் ஆட்டுக்கல் ஆகிவிட்டது. தெருமுனையில் முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசும். "போகப் போக செட் ஆயிடும்" என்றார் மாமா. அப்பா காலையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பத் தொடங்கினார், வண்டியைத் தெருவிலிருந்து எடுக்கவே அவ்வளவு ஆனது. ஸ்டீயரிங்கில் எப்போதும் தைல வாடை அடித்தது. "வண்டியே நாறுதுப்பா" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ஒரு துணியை எடுத்துத் துடைத்தார்.

ஐப்பசியில், சிதம்பரத்தில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். மழை விட்டிருந்த காலை நேரம், ரோடெல்லாம் தண்ணீர். முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் அம்மாவும், மடியில் வரிசைத் தட்டோடு நானும். புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அப்பா ஒடித்தார். டயர் உரசியது, பாதி திரும்பிய ஸ்டீயரிங் மேற்கொண்டு திரும்பவில்லை. ரோட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டிய டயர் தண்ணீர் மேல் மிதந்தது. கார் சாவகாசமாக வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றது.

கவிழ்ந்த கார் வெடிக்கும் என்பது சினிமா எனக்குக் கற்றுத் தந்த விஞ்ஞானம். எங்கள் கார் கவிழவேயில்லை என்பதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. கதவைத் திறந்து, வரிசைத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "வெடிக்கப் போவுது! ஓடியாங்க!" என்று நெல்லை மிதித்து ஓடினேன். வாழைப்பழமும் வெற்றிலையும் வழியெல்லாம் சிதறின. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஏ தம்பி, தேங்காய வுட்டுட்டுப் போறியே!" என்று கத்தினாள்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பதுங்கி எட்டிப் பார்த்தேன். அப்பா இன்னும் இறங்கவில்லை. வலது கை மடியில் கிடந்தது. இடது கை ஸ்டீயரிங்கை விடவில்லை.

"என்னா மச்சான், பயந்துட்டிங்களா?" என்றார் மாமா.

அந்தக் கேள்வி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. சட்டையெல்லாம் சேறாக அத்தை வீட்டில் நின்றபோது, என்னடா ஆச்சு என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் முந்திக்கொண்டேன். கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, கையை மடியில் போட்டு, அப்பா உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததை நடித்தே காட்டினேன். பந்தியே குலுங்கியது. "அப்பனாட்டமே பண்றான்யா!" என்றார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். அப்பாவும் சிரித்தார், இடது கையால் ஸ்பூனில் பாயசத்தைக் கிண்டியபடி.

மறுநாள் சாவியை மாமாவிடம் கொடுத்து, "நீயே வச்சுக்க. எனக்கு இனிமே சரிப்படாது" என்றார். பெல்ட் மூட்டையை இடது தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து மாமா காரில் வந்தார். ஒல்லி டயர்கள் மறுபடி ஏறியிருந்தன. "அந்த டயர்ல ஸ்டீயரிங் டைட்டு மாப்ள, மனுசன் ஓட்டுவானா?" என்று சொல்லி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தெருவில் ஒரு சுற்றுப் போனார். வளைக்கும்போது ஸ்டீயரிங்கை என் கையில் விட்டார்.

அந்தச் சமயம் அப்பா மூட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், அவருக்கு ஏதோ புதுச் செய்தி கொண்டுபோவதாக நினைத்துக் கத்தினேன்.

"அப்பா! ஒரு வெரல்ல திரும்புதுப்பா!"

"அப்படியாடா" என்றார். மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தார்.