வண்டி வராத பாதை

மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏற்றத்தில் நாம் சைக்கிளைத் தள்ள வேண்டும். இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிவிடப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் சமதரை வரும். அங்கே மாடு படுத்திருக்கும்.

ஐம்பது வயதுக்கு மேல் இப்படி ஒரு வம்பை நான் விலைக்கு வாங்கியதற்குக் காரணம் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். பண்டாரவளையில் ஒரு புடவைக் கடையில் காலையிலிருந்து பொழுதுசாயும் வரை உட்கார்ந்தபடியே சேலை விரித்துக் காட்டுவது என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் என்னிடம் முன்னேறியது வயிறு ஒன்றுதான். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "நடங்க, இல்லாட்டி சைக்கிள் ஓட்டுங்க. மூணு மாசத்துல குறையலன்னா ஊசிதான்."

ஊசிக்கு நான் பயப்படவில்லை. காலுக்குத்தான் பயந்தேன். எங்கள் அப்பாவின் இடது கால் இதே வருத்தத்தில்தான் பதுளை ஆஸ்பத்திரியில் போனது. விரலில் ஒரு சின்னப் புண்ணாகத் தொடங்கி முழங்கால் வரை கொண்டுபோய்விட்டது. கடைசி வருடங்களில் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே இருந்தவரைத் தூக்கி இறக்கியதெல்லாம் என் அக்கா. அதையெல்லாம் பார்த்தவன் நான். செருப்புக் கடித்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

மகளைக் கட்டிய மருமகன் கொழும்பிலிருந்து கியர் வைத்த சைக்கிள் ஒன்றை அனுப்பினார். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணிகூட இல்லை. "பாரம் கம்மி மாமா" என்று போனில் பெருமைப்பட்டார். பாரம் மேலேதான் உட்காரப் போகிறது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அப்புத்தளை ரோட்டில் போய்ப் பார்த்தேன். அங்கே மூடுபனியில் பின்னால் வருகிற பஸ் கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் மட்டும் கேட்கும், செத்தவனையும் எழுப்பிவிடும். அடுத்த வாரம் வெலிமடைப் பக்கம் போனேன். உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிய லொறிகள் வரிசையாக வந்தன. லொறிக்காரர்கள் கிழங்கு மூட்டைக்குக் கொடுத்த மரியாதையில் பாதியைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. இரண்டு தடவை வாய்க்காலில் இறங்கி எழுந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்புறம்தான் பூனாகலைப் பக்கம் போகிற பாதை நினைவுக்கு வந்தது. நான் பிறந்த தோட்டத்துக்குப் போகிற பாதைதான். அந்தச் சந்தியில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதிக்காரர் ஒரு பலகை நட்டிருக்கிறார். வாகனத் தொல்லையே இல்லாத அமைதியான கிராமத்துப் பாதை, சைக்கிளுக்கு ஏற்ற சொர்க்கம் என்று இங்கிலீசில் எழுதியிருக்கும். பொய் சொல்லவில்லை மனிதர். வாகனம் வராதுதான். ஒரு பெருமழையில் மதகு உடைந்து பாதி ரோடு பள்ளத்துக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்த இடைவெளியில் யாரோ இரண்டு பலகையைப் போட்டு வைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் அதோடு மேல் லயத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மதகை எப்போது கட்டுவீர்கள் என்று அதிகாரிகளைக் கேட்டால் எல்லாரும் கடிதம் எழுதியிருப்பதாகச் சொல்வார்கள். அமைதி அப்படி வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தச் சொர்க்கத்தில் சைக்கிள் விட்டேன். அமைதியா? அட போங்கய்யா! தேயிலை மலையில் ஒருத்தன் சைக்கிள் தள்ளினால் எதிர் மலையில் இருப்பவர்களுக்கு அது டிவி. "அண்ணே, ஏறி மிதிங்க! தள்ளுறதுக்கு எதுக்கு சைக்கிளு?" என்று அங்கிருந்தே சத்தம் வரும். ஞாயிறன்று ஆளைக் கூட்டி அன்றைய கூலிக்குப் பேர் போடுகிற பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை. எல்லாரும் வீட்டில்தான். எனவே ஒரு லயத்தையாவது சும்மா கடந்து போக முடியுமா என்றால் முடியாது. "வாங்கண்ணே, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வீட்டு ஆட்கள் குடிப்பதென்றால் உள்ளங்கையில் துளிச் சீனியை வைத்து நக்கிக்கொள்வார்கள். விருந்தாளிக்கு அப்படிக் கொடுத்தால் மானம் போய்விடும். கோப்பையிலேயே மூன்று கரண்டி கொட்டி, கரண்டி நட்டால் நிற்கிற பதத்துக்குக் கலக்கிக் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பாருங்கள்! லயத்தில் தேத்தண்ணியை மறுத்தால் உங்கள் கைத் தண்ணீர் எனக்கு ஆகாது என்றுதான் அர்த்தம். அதில் சாதி வந்து நிற்கும், டவுன் திமிர் வந்து நிற்கும். சேலை விரிக்கிறவனுக்கு என்ன திமிர் வேண்டிக்கிடக்கிறது? ஒவ்வொரு வாசலிலும் குடித்தேன்.

எல்லாவற்றுக்கும் உச்சியில் மேல் லயம். அங்கேதான் அக்கா. அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் கொழும்பில், இவள் மட்டும் இன்னமும் கொழுந்துக்கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். என்னைக் கண்டதும், "வாடா தம்பி, மெலிஞ்சு போயிட்டியே!" என்பாள். என்னை மெலிந்தவன் என்று சொல்கிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அவள்தான். சந்தோஷத்தில் அவள் போடுகிற நான்கு கரண்டியையும் குடித்துவிடுவேன். அவள் தன் கோப்பையோடு அடுப்படியில் நின்று எனக்கு முதுகைக் காட்டியபடி குடிப்பாள். வலது கால் பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, "அட்டை கடிச்சது, சொறிஞ்சு வச்சிட்டேன்" என்றாள். அடுத்தடுத்த வாரங்களிலும் துணி இருந்தது. நிறம்தான் மாறியது.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் சீனி முன்பைவிடக் கூடியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சைக்கிள் ஓட்டினீங்களா, இல்ல வாங்கி வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" ஓட்டினேன் ஐயா, ஓட்டியதால்தான் கூடியது என்று எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு ஊசிமருந்தை வாங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு கோபத்தோடு கிளம்பினேன். முதல் லயத்திலேயே ஒரு தங்கச்சி கோப்பையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கியது.

"ஏண்ணே? எங்க வீட்டுத் தேத்தண்ணி கசக்குதா இப்ப?"

"கசந்தாத்தான் நல்லா இருக்குமே! எனக்குச் சீனி வருத்தம்மா!" என்று லயமே கேட்கக் கத்தினேன்.

அப்புறம் வாசலுக்கு வாசல் சிரிப்பு. "அட, இம்புட்டுத்தானா? இங்க யாருக்குண்ணே இல்ல? எனக்கும் இருக்கு, இந்த மனுசனுக்கும் இருக்கு. நாங்க சீனி போட்டு எத்தன வருசம்!"

"பின்ன எனக்கு மட்டும் ஏன் மூணு கரண்டி போட்டுக் கொல்றீங்க?"

"வந்தவங்களுக்குச் சீனியில்லாம குடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றவள், சிரிப்பு அடங்காமலே சேர்த்துச் சொன்னாள்: "ஒங்க அக்காவுக்குந்தான் இருக்கு. தெரியாதாண்ணே?"

அன்றைக்குத்தான் மேல் லயத்து ஏற்றத்தை முதல் தடவையாகத் தள்ளாமல் மிதித்து ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அக்கா கோப்பையோடு வந்தாள். "வச்சிட்டு ஒக்காரு. காலக் காட்டு" என்றேன். ஏதேதோ மழுப்பினாள். நான் குனிந்து துணியை அவிழ்த்தேன். விரல் கறுத்திருந்தது. அந்த வாடை எனக்குத் தெரிந்த வாடை. அப்பாவின் கட்டிலைச் சுற்றி இருந்த அதே வாடை.

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லி? கிளினிக்கு வேல நாள்லதான். போனா அன்னிக்கிப் பேரு விழாது, கூலியும் இல்ல. பேரு போனாலும் பரவால்லன்னு ஒரு நாள் கெளம்பினேன்டா. மதகு வரைக்கும் நடந்தேன், அதுக்கு மேல கால ஊன முடியல. திரும்பிட்டேன்." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பாவுக்கு எடுத்த மாதிரி எடுத்துருவாங்களோன்னும் பயமா இருந்துச்சு."

நாங்கள் இருவரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, வாரா வாரம் எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அந்தக் கோப்பையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அன்றைக்கே மருமகனின் அழகான சைக்கிளைப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய், சைக்கிள் கடை வைத்திருந்தவரை வீட்டிலிருந்து எழுப்பி, பின்னால் ஒரு இரும்புக் கேரியரைப் பூட்டச் சொன்னேன். "இந்தச் சைக்கிளுக்குப் போயி இதையா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மேல் லயத்துக்குப் போய், ஒரு சாக்கை மடித்துக் கேரியரில் கட்டி அக்காவைக் குந்த வைத்தேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். "மெதுவாடா, மாட்டுச் சந்தைக்கா போற?" என்று வழி நெடுக வைதாள். வலிக்கிறது என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மதகுப் பலகையை நாங்கள் அங்குலம் அங்குலமாகக் கடந்தபோது எதிரே இரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்து நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் அவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. கட்டைவிரலை உயர்த்தி ஏதோ சொன்னார்கள்.

"என்னடா சொல்றாங்க?"

"பாதை ரொம்ப நல்லா இருக்காம். ஒரு வண்டி கூட வராதாம்."

"ஆமாமா" என்றாள் அக்கா. அவர்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தும் வைத்தாள்.

கீழே சந்தியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைக்கே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். விரல் தப்பாது, கால் தப்புமா என்று பார்ப்போம் என்றார்கள். வெளியே கிடந்த வாங்குப் பலகையில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. கடைசியில் பெருவிரல் போனது. கால் நின்றது.

கட்டு மாற்ற வந்த சிங்கள டாக்டர் பையன், இப்போதுதான் பழகுகிற அரைகுறைத் தமிழில் அவளிடம் கேட்டார்: "ஏன் அம்மா இவ்வளவு லேட்டாக்கி வந்தது?"

அக்கா கட்டிலோரம் நின்ற என்னை விரலால் காட்டினாள்.

"வண்டி இப்பத்தாங்க வந்துச்சு."