ஒன்றேகால் மணி நேரம்

எண்ணூரிலிருந்து கடலோரமாக வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, மடியில் சின்னப் பெட்டி. கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அடிக்கடி காதில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

கொழும்பில் அவருடைய அக்கா இறந்துவிட்டாளாம். போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணிக்கு அடக்கமா? இங்கயும் அங்கயும் ஒரே மணிதான? பிளேன்ல ஒண்ணேகால் மணி நேரந்தான். நான் வராம பெட்டிய மூடாதீங்க."

வானத்தில் போகிற நேரத்தைத்தான் அவர் பார்த்திருந்தார். ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் அசையவில்லை. பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மாமு, சொக்கா வெள்ளையா கீது! பொண்ணு பாக்கப் போறியா?"

"அக்கா செத்துட்டாடா. ஏர்போர்ட்டு போணும். வழி வுடு."

டிரைவரின் சிரிப்பு போய்விட்டது. "எங்க நைனா வுடறது? முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி."

"தெரியும். தெனம் நானுந்தான அங்க நிக்கிறேன்."

வேற்று ஆண்களிடம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று எப்படியோ வாயில் வார்த்தை வந்துவிட்டது.

"அந்தச் சந்துல பூந்து போனா மெட்ரோ ஸ்டேஷன் வரும்பா. ரயிலு நேரா ஏர்போர்ட்டு போவுது."

"ரோடு வுட்டா எனக்கு இன்னாம்மா தெரியும்," என்றவர், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடினார்.

பிளேனைப் பிடித்தாரா, தெரியாது. சாயங்காலம் மணி ஐந்தானபோது அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.