ஏரியில் நின்ற பால்

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிட்டேன். வாய்தான் கூப்பிட்டது, மனசு வேறு பெயர் வைத்திருந்தது. அவள் புருஷன் ஒல்லாந்துக்காரர் கப்பலில் கூலியாள். கப்பல் வந்தால் வருவான், ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிவிடுவான். பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள், வீடே தன்னுடையது என்பதுபோல் நடந்துகொண்டாள். கோட்டைக்குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனாலும் அவளிடம் வந்துதான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவள் சொல்வாள்.

நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது நண்டு கூடாது என்றாள், பிள்ளைக்குச் சொறி பிடிக்குமாம். வயிறு நிறையச் சாப்பிடவும் கூடாது.

"வவுறு முட்டத் துன்னா புள்ள எங்கடி இருக்கும்? அரை வவுறு துன்னு. சின்னதா இருந்தாத்தான் சுளுவா வெளிய வரும்."

நண்டும் இறாலும் ஏரி நிறையக் கிடந்த ஊரில் நான் பசியோடு பிள்ளை சுமந்தேன். வேலைக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. வலி எடுத்த அன்று காலையிலும் ஏரியில் இறங்கினேன். அதற்கு அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையன் பிறந்தான். முதலில் சுரந்த மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டச் சொன்னாள். அவன் நாக்கில் பனைவெல்லத் தண்ணீரைத் தடவினாள். அதோடு விட்டிருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தீட்டுக் கழிந்து நான் ஏரிக்குத் திரும்பியதும் இன்னொரு சட்டம் போட்டாள். தண்ணீரில் நின்று வந்தவளுடைய பால் குளிர்ந்துபோயிருக்கும், அதைக் குடித்தால் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டும், ஆகவே சூடான பால் வரும்வரை பீச்சிவிட வேண்டும் என்றாள்.

நான் திரும்பும் நேரத்துக்கு வாசலில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைத்திருப்பாள். அதன் மேல்தான் பீச்ச வேண்டும்; பாலில் எறும்பு மொய்த்தால் மார்பு வற்றிவிடுமாம். ஈரப் புடவையோடு குந்திப் பீச்சுவேன். அவள் புறங்கையை என் மார்பில் வைத்துப் பார்த்து, "இன்னும் சில்லுனு கீதுடி" என்பாள். அவள் போதும் என்று சொல்லும்போது எனக்குள் மிச்சம் இருக்காது. பையன் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவான். கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து அவன் வாயில் வைப்பாள்.

தொடைச் சதை வற்றி, அழக்கூடத் தெம்பில்லாமல் அவன் செத்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அண்ணி, "அவ சரியா பீச்சல. ஏரிப் பாலு வேலயக் காட்டிடுச்சு" என்றாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதையும் நான் கேட்டேன்.

அடுத்துப் பெண் பிறந்தது. ஆறேழு மாதம் முன்னால்தான் அண்ணிக்கும் ஒரு பையன் பிறந்திருந்தான். அவள் ஏரியில் இறங்குவதில்லை. கரையில் இறால் அவித்துக் காயப்போடுவது அவள் வேலை. ஆகவே அவள் பால் நல்ல பால். கேட்டபோதெல்லாம் குடித்து அவள் பையன் கொழுகொழுவென்று இருந்தான். நான் ஏரிக்குப் போய்வந்து மறுபடி சாம்பலில் பீச்சத் தொடங்கிய பிறகு என் பெண்ணின் தொடை தொளதொளத்தது. அழுகையும் குறைந்தது. அந்த அமைதியை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரு காலை, பெண்ணை அணைத்துக்கொண்டு பாயிலேயே கிடந்தேன்.

"நா போகல."

"போகலன்னா அடுப்புல இன்னாத்த வெக்கறது?"

"நீ போ, அண்ணி. உனக்கும் கை கீதில்ல."

என் கணவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பறியை எடுத்துக்கொண்டு நழுவினார். அண்ணி தெருவுக்கே கேட்கும்படி என் பிறந்தவீட்டை ஏசிவிட்டு, வேறு வழியில்லாமல் என் பறியோடு போனாள்.

அன்று பகல் முழுதும் என் பெண் குடித்தாள், தூங்கினாள், எழுந்து மறுபடி குடித்தாள். அண்ணியின் பையனுக்கு அவள் வைத்துவிட்டுப் போன கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தேன். அவன் துப்பினான். அண்ணி திரும்பும்போது வீடே அதிர அலறிக்கொண்டிருந்தான். அவள் ஈரம் சொட்ட வாசலில் உட்கார்ந்தாள். அவன் மடியில் ஏறிப் புடவையை இழுத்து வாய் வைத்துவிட்டான். அவளும் அலுப்பில் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வேண்டுமட்டும் குடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"இன்னா அண்ணி, பீச்சலியா?"

திடுக்கிட்டு அவனைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் விடவில்லை. அப்படி ஒரு பயத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. பார்க்க நன்றாக இருந்தது. இருட்டும்வரை அவன் நெஞ்சில் எண்ணெய் தேய்த்தாள், முதுகில் காதை வைத்து வைத்துக் கேட்டாள்.

மறுநாள் காலை அந்தப் பையன் தவழ்ந்துபோய், காயப்போட்டிருந்த இறாலை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். சளியும் இல்லை, சூடும் இல்லை. நான் அண்ணிக்கு எதிரே போய் நின்றேன்.

"அப்ப எம் புள்ள எதுல செத்தான்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. இறாலைக் கூட்டிக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் மூத்தது ரெண்டு அப்டிதான் போச்சு. அப்ப நானும் ஏரிக்குப் போய்ட்டிருந்தேன். எவ்ளோ பீச்சியும் புள்ள நிக்கல. அதுக்கப்பறம்தான் தண்ணில கால் வெக்கறத வுட்டேன்."

அன்றிலிருந்து ஏரிக்குப் போய் வந்தாலும் நான் ஒரு சொட்டையும் கொட்டவில்லை. அவளும் வாசலில் வந்து நிற்கவில்லை. என் பெண் தேறினாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்று எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர்தான் பிள்ளையைக் கொல்கிறது என்று அவள் மனசார நம்பினாள். நம்பித்தான் தன் பிள்ளைகளுக்காகக் கரையேறினாள். அப்படி நம்பிக்கொண்டேதான், பச்சைப் பிள்ளைக்காரியான என் கையில் பறியைக் கொடுத்து ஏரிக்கு அனுப்பினாள்.