அம்மாளின் தட்டில் வைத்த பாஸ்போட்

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நயினாதீவிலிருந்து திரும்பி வரும் வள்ளத்தில் என் பாஸ்போட் குங்குமத் தண்ணீரில் ஊறிப் பழுதாய்ப் போனது. ஜப்பானுக்குப் படிக்கப் போவதற்கு விசா எடுக்க வைத்திருந்த பாஸ்போட் அது. சித்திரையில் அங்கே வகுப்புத் தொடங்கிவிடும். வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் பார்க்க நான் அழுதேன். அதற்குப் பிறகு, அந்தத் தீவில் கோயில் கொண்ட நாகபூசணி அம்மாள் எனக்குச் செய்ததை அவளுடைய அடியவர்கள் அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பெரிய பக்தை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திருவிழாவுக்குப் போனால் கும்பிடுவேன், கச்சான் கடலை வாங்குவேன், வந்துவிடுவேன். அவ்வளவுதான்.

எனக்கு ஊர் கரம்பொன். அப்பா இல்லை. அண்ணன் பிரான்சுக்குப் போய்ப் பல வருடமாகிறது, இன்னும் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே, பின்னேரங்களில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஜப்பானிய மொழி படித்தேன். பரீட்சை எழுதினேன். ஜப்பானில் இரண்டு வருட மொழிப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். போனில் முகம் பார்த்து நேர்முகம் வைத்தார்கள். மாசியில், நான் அங்கே வந்து படிக்கலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதையும் பாஸ்போட்டையும் கொழும்பில் கொடுத்து விசா எடுப்பது ஒன்றுதான் மிச்சம்.

இத்தனை காலமும் அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம், பள்ளி விடுதியில் சமைக்க விடுவார்களா, குளிருக்கு எந்தச் சட்டை வாங்குவது என்று நான் கதை எடுத்தால், "உனக்குத் தெரியாததே" என்று எழும்பிக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் மனதாரச் சொல்லாமல் எனக்குப் புறப்பட ஏலாது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஏற்கெனவே போய்விட்டாரே.

எங்கள் தீவுப் பக்கத்தில் வெளிநாடு போகிற யாருடைய பாஸ்போட்டும் நயினை அம்மாளைப் பார்க்காமல் போகாது. அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலையோடு அதையும் வைத்துக் கொடுப்போம். பெரும்பாலும் விசா கிடைத்த பிறகு நன்றி சொல்லத்தான் கொண்டுபோவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா விடவில்லை.

"எல்லாம் முடிஞ்சாப் பிறகு போய் என்னத்தைக் கேக்கிறது? கேக்கிறதெண்டால் முதல்ல கேக்கவேணும்."

அன்று சந்நிதியில் நான் விசாவைக் கேட்கவில்லை. அம்மா தன் வாயால் என்னைப் போகச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். விசா கிடைக்கும் என்று எனக்கு ஓரளவு நம்பிக்கை இருந்தது. அம்மா விடயத்தில்தான் துளியும் இல்லை.

தட்டைத் திருப்பித் தந்ததும் பாஸ்போட்டைக் கைப்பைக்குள் வைக்கப் போனேன். "அம்மாளின்ர பூவோடயே வீட்டை வரட்டும், பிரிக்காதை" என்றார் அம்மா. அதுவும் எங்கள் வழக்கம்தான். உடைத்த தேங்காய், ஈரப் பூ, வெற்றிலையில் மடித்த குங்குமம், சான்றிதழின் பிரதி, பாஸ்போட் எல்லாம் ஒரே பைக்குள் போயின. அன்று காற்று அதிகம். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் வழியில் கடல் தண்ணீர் உள்ளே அடித்தது. கால்மாட்டில் வைத்திருந்த பையைத் தூக்கினால் சிவப்பாய் ஒழுகியது. படம் உள்ள பக்கம் முழுக்கச் சிவப்பு. என் முகமே தெரியவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். "அம்மாள் சொல்லிப்போட்டா. இனி உந்தக் கதையை விடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலையும் இல்லை. ஒரு நிம்மதிதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சால்வையால் நான் அந்தப் பக்கத்தைத் துடைக்கத் தொடங்கியபோது ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அக்கா. தீவில் உள்ள புத்த விகாரைக்கு வந்தவர், அப்படியே அம்மாளையும் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். பெயர் மல்லிகா. வவுனியாவில் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழ் அவருக்கு இருந்தது.

"தொடைக்க வேணாம் நங்கி, இன்னும் மோசமாகும்" என்றார். நங்கி என்றால் அவர்கள் பாசையில் தங்கச்சி. எந்த நாட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். "என் மகளும் அங்கதான் படிக்கிறா" என்றார். பிறகு பக்கங்களை மெதுவாகப் புரட்டி, "விசா ஒட்டினதா?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. இனித்தான்."

"அப்ப ஏன் அழுறது? விசா ஒட்டினதுக்குப் பிறகு நனைஞ்சா பெரிய வேலை. இப்ப புது பாஸ்போட் மட்டும் எடுத்தா போதும். அந்தச் சான்றிதழ் போன்ல இருக்குதானே, திரும்ப பிரின்ட் எடுக்கலாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். விசாவுக்கு முதலே கோயிலுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா மாறவில்லை. சகுனம் பிழையாகிவிட்டது என்பதே அவர் பேச்சு. அன்று விளக்கு வைத்துவிட்டு அம்மாள் படத்துக்கு முன்னால் நின்று நேராகக் கேட்டேன். நீ வேண்டாம் என்றால் எனக்குச் சொல்லு, நான் இருந்துவிடுகிறேன். நீ சொல்லவில்லை என்றால் அதை அம்மாவுக்குச் சொல்லு. இப்படித்தான் கேட்டேன். சண்டை பிடித்த மாதிரித்தான் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நான் பாடசாலையில் இருந்த நேரம் மல்லிகா அக்கா வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். இறங்குதுறையில் நம்பர் வாங்கியிருந்தார். கொழும்பில் அவசரமாகப் பாஸ்போட் எடுக்கும் இடம் தன் வீட்டுக்குப் பக்கம், வந்து தங்குங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் வந்ததும் அம்மா, "உன்னைத் தனிய விடேலாது, நானும் வாறன்" என்றார். முகம் மட்டும் உம்மென்றுதான் இருந்தது.

கொழும்புக்குப் போனோம். பாஸ்போட் அலுவலகத்தில், எப்படிப் பழுதானது என்று விளக்கம் எழுதச் சொன்னார்கள். கோயிலில் அர்ச்சனைக்கு வைத்தது என்று உள்ளதையே எழுதினேன். வாசித்த பெண் அலுவலர் தலை நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அன்று இரவு அவர் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மல்லிகா அக்கா தன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்தார். மகள் அங்கிருந்து கதைத்தாள். என்ன கறி என்று கேட்டாள். எங்களுக்கும் கை காட்டினாள். கதைத்து முடிந்ததும் மல்லிகா அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

அம்மா கேட்டார், "நீங்கள் எப்பிடி விட்டனீங்கள்?"

"விட மனசு இல்ல அக்கா. போக விடலன்னா இங்கயே இருப்பா, ஆனா என்னோட சந்தோசமா இருக்க மாட்டா. அதுக்குத்தான் பயந்தேன். அம்மாள்கிட்ட நான் கேக்கிறதும் அதுதான், மகள் எங்க இருந்தாலும் என்னோட பேசணும்."

அம்மா எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போனார். படுக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"உன்ர கொண்ணன் போனவன் போனவன்தான். நீயும் அப்பிடிப் போயிடுவாய் எண்டுதான் எனக்குப் பயம். சகுனம் எண்டது சும்மா. இந்த மனிசியை எனக்குக் காட்டத்தான் அம்மாள் இவ்வளவும் செய்தவ." என் பக்கம் திரும்பி, "போயிட்டு வா பிள்ளை" என்றார்.

நான் கேட்டது அது ஒன்றுதான். அம்மாள் அதைத் தந்துவிட்டாள். நான் அழுதேன், அம்மாவும் அழுதார். புதுப் பாஸ்போட் கிடைத்தது. விசாவும் நேரத்துக்கு வந்தது. அம்மா மிளகாய் வறுத்துத் தூள் இடித்து, மூன்று பொலித்தீன் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாய்க் கட்டித் தந்தார்.

இப்போது ஜப்பானில் இருக்கிறேன். காலையில் வகுப்பு, பின்னேரம் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் வேலை. குளிர்தான் கொடுமை. தினமும் எழும்பியதும் அம்மாளை நினைக்காமல் வெளியே இறங்குவதில்லை. முன்பு கடமைக்குக் கும்பிட்டவள், இப்போது மனம்விட்டுக் கதைக்கிறேன். அண்ணனுக்கும் நானே போன் எடுத்து, கிழமைக்கு ஒரு தடவையாவது அம்மாவோடு கதைக்கச் சொன்னேன். கதைக்கிறான்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்து, கும்பிடப்போன இடத்திலேயே எல்லாம் பிழையாகிவிட்டது போலத் தோன்றினால், அவசரப்பட்டு அம்மாளைக் கோபிக்காதீர்கள். மனதில் உள்ளதை மறைக்காமல் அவளிடம் கேளுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். போன கிழமை அம்மா போனில், யாழ்ப்பாணம் போய்ப் படம் எடுத்துத் தனக்கும் பாஸ்போட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஏனம்மா என்று கேட்டேன்.

"நீ வர நாள் செண்டால் நான் வாறன். ஒரு பிள்ளையைப் பாத்துக்கொண்டு வாசல்ல இருந்தது காணும், இனி ஏலாது" என்றார்.