நண்டுக் கறியும் சார்டீனியா வைனும்

வைன் கடையில் நிற்பவனுக்கு வைனைவிடச் சமையல்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்க நின்று, அடுத்த வீட்டுச் சாப்பாட்டுக்கெல்லாம் முகம் கோணாமல் பதில் சொல்லி, கால் வீங்கி வீடு போகிறவர்களே, இது உங்களுக்குத்தான். ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்தில் அரசாங்க வைன் கடையில் நான் விற்பனையாளன். இந்த வேலைக்குப் போனதிலிருந்து மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. அவளோ ஞாயிறு நண்டுக் கறியை இன்னமும் மூன்று பேருக்குத்தான் வைக்கிறாள். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்.

வெள்ளிக்கிழமை

இந்தக் கோடையில் வாசலருகே அடுக்கியிருப்பது இத்தாலியின் சார்டீனியாத் தீவு வெள்ளை வைன், வெர்மென்டினோ. எலுமிச்சைப் புளிப்பு, கொஞ்சம் உப்பு, கடைசியில் மெல்லிய கசப்பு. இறால், நண்டு, பொரித்த மீன், ஆட்டுப்பால் சீஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதை நித்திரையிலும் சொல்கிறேனாம், மனைவி குறைப்படுகிறாள். ஒரு நோர்வே அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லது. ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நாடு முழுக்கப் போல எங்கள் வீட்டிலும் இறைச்சி டாக்கோ."

விரதம்

புது வைன் வந்தால் ஊழியர்கள் வாயில் வைத்துப் பார்த்துத் துப்ப வேண்டும். நான் குடிக்கிறவன் அல்ல, துப்புகிறவன். கந்தசஷ்டி என்றால் அதுவும் இல்லை, மூக்கோடு நிறுத்திக்கொள்வேன். போன சஷ்டியில் பசிக் களைப்போடு இதே வைனை மணந்து, "உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்" என்றேன். கூட வேலை செய்யும் இங்கெர் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பட்டினியில் உன் மூக்கு நன்றாக வேலை செய்கிறது. மாதம் ஒரு தடவை கிட."

பிரியாணி

தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த தம்பி ஒருவர் இந்த வைன் பிரியாணிக்கு ஆகுமா என்று கேட்டார். உறைப்பைக் குறைத்தால் ஆகும் என்றேன். "காரத்தைக் குறைச்சா வைஃப் என்னைக் குறைச்சிடுவாங்க. நீங்க வைனை மாத்துங்கண்ணா."

குளிர்

நாங்கள் குடியிருப்பது ஒஸ்லோவின் கிழக்கே வெஸ்ட்லியில். அங்கே எங்கள் மேல்மாடிக்காரர், நம்மவர் கண்ணில் படாமல் வாங்குவதற்காக ரயிலேறி நகரின் மறுகோடிக்கு வந்திருந்தார். ஜூலை மாதம், வெளியே நல்ல வெயில். என்னைக் கண்டதும் போத்தலை வைத்துவிட்டார். "வெளியிலை சரியான குளிர் தம்பி. சும்மா உள்ளுக்கு வந்தனான்."

மச்சான்

ஒரு சனி பின்னேரம், கடை பூட்டப்போகும் நேரத்தில், மனைவியின் அண்ணன் கையில் வெர்மென்டினோவோடு திரும்பினார். என்னைக் கண்டும் போத்தலை வைக்கவில்லை. மகளைக் கட்டப்போகிற நோர்வேப் பெடியனின் தாய் தகப்பன் நாளைக்குச் சாப்பிட வருகிறார்களாம்.

"இதோடை என்ன குடுக்கலாம்?"

"நண்டுக் கறி குடுக்கலாம், மச்சான். உறைப்புக் குறைச்சு."

அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி இப்பவும் நண்டுக்கு முருங்கையிலை போடுறவளோ?"

"ஓம். உங்களுக்கும் சேர்த்துத்தான் வைக்கிறவள்."

அவர் காசைக் கட்டி, வாசல் வரை போய்த் திரும்பினார். "அவளின்ரை கைப்பக்குவம் எங்கடை வீட்டிலை வராது. நாளைக்குச் சாப்பாட்டை உங்கடை வீட்டிலையே வைப்பம். உங்களையும் சேர்த்து எட்டுப் பேர் எண்டு சொல்லும்."

ஆக, ஊருக்கெல்லாம் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று சொல்லி ஓய்ந்த நான், கடை பூட்டிக் கிடக்கும் ஒரேயொரு நாளான ஞாயிறையும் நின்றபடியேதான் கழித்தேன், குசினியில் நண்டு உடைத்துக்கொண்டு.