அரிவாளில் படிந்த சிவப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழைக்காலத்தில் நடந்தது இது. உத்திரமேரூரைத் தாண்டி, பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே நான் அறிவியல் ஆசிரியை. காஞ்சிபுரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். பாடம் நன்றாக நடத்துவேன் என்று பெயர் உண்டு. வாய் கொஞ்சம் நீளம் என்றும் பெயர் உண்டு. இரண்டுமே உண்மைதான்.

அந்த மாதத் தேர்வில் பத்தாம் வகுப்புக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் என்ன நடக்கும், ஏன்? வருடா வருடம் கேட்கிற கேள்விதான். வினைபுரிவதில் செம்பைவிட இரும்புக்கு வலு அதிகம். அதனால் கரைசலில் இருக்கும் செம்பை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட செம்பு ஆணியின் மேல் சிவப்பாகப் படியும். "பஸ்ல சீட்டுக்குச் சண்டை போடுறோமே, அதுதான் இது" என்று சொல்லித்தான் நடத்துவேன். பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்காருகிற, அதிகம் பேசாத பெண். ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பிலிருந்து வருபவள். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அரிவாள் மேல் சிவப்பாகப் படியும். படிந்தால் இலை கருகிவிடும். இன்னும் சுண்ணாம்பு ஊற்ற வேண்டும். அரிவாள் பளிச்சென்று வந்தால் நல்லது."

நான் கேட்டது ஆணி. அரிவாள் எங்கிருந்து வந்தது? இலை எதற்கு, சுண்ணாம்பு எதற்கு? பெரிய சுழியாகப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். பேப்பர் கொடுக்கிற அன்று அவளை எழுந்து நிற்க வைத்து, அதை உரக்கப் படித்துக் காட்டி, "இது சயின்ஸ் பேப்பரா, கொலைக் கேசா? அரிவாள்ல செவப்பா படிஞ்சிருக்காம்" என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் பேப்பரை வாங்கி நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே அவளுக்கு "அருவா" என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. என் காதிலும் விழுந்தது. நான் யாரையும் அதட்டவில்லை. மூன்று நாள் வந்தாள். நான்காம் நாளிலிருந்து அவள் இடம் காலியாக இருந்தது.

பத்து நாள் போயிற்று. மழை நடுவில் நான்கு நாள் விட்டிருந்தது. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டிய வாரம். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "உங்க க்ளாஸ் பொண்ணு ஒண்ணு வரல டீச்சர். ஒரு நடை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. லிஸ்ட்ல பேர் விட்டுப்போச்சுன்னா அப்படியே கூலி வேலைக்குப் போயிடும், அப்பறம் திரும்பாது" என்றார். மனசாட்சி உறுத்தித்தான் போனேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் அவர் சொன்னதால்தான் போனேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு அம்மா, "எல்லாரும் எலுமிச்சத் தோப்புல மருந்து அடிச்சிக்கினு கீறாங்கோ. மதகாண்ட திரும்புனா தெரியும்" என்று கை காட்டினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

தோப்பு ஊரில் வேறு ஒருவருடையது. மழைக்கு எலுமிச்சை இலையிலும் காயிலும் சொறி விழுந்திருந்தது. அவள் அப்பாவுக்கு என் வயதுதான் இருக்கும். முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர், இன்னொன்றில் சுண்ணாம்புத் தண்ணீர். மயில்துத்தம் வேறொன்றுமில்லை, நான் கரும்பலகையில் எழுதுகிற அதே காப்பர் சல்பேட்தான். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாக இரண்டையும் மூன்றாவது டிரம்மில் ஊற்ற, என் மாணவி நீளக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். கை மட்டும் நிற்கவில்லை.

"வாங்க டீச்சர். கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க, பொடவையில பட்டா கற போவாது" என்றார் அப்பா. பிறகு மகளிடம், "பாரும்மா" என்றார்.

அவள் ஓர் அரிவாளை எடுத்துச் செங்கல் பொடியால் பளபளவென்று தேய்த்தாள். நுனியை டிரம்முக்குள் விட்டு அசையாமல் பிடித்தாள். உதடு மட்டும் அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தபோது தேய்த்த இடத்தில் சிவப்பாக மெல்லிய படலம் படிந்திருந்தது.

"இன்னும் சுண்ணாம்பு கேக்குது நைனா" என்றாள்.

அவர் மறுபேச்சு பேசாமல் ஒரு குடம் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினார். மறுபடி தேய்த்தாள், மறுபடி உள்ளே விட்டாள். இந்த முறை அரிவாள் உள்ளே போன மாதிரியே வெளியே வந்தது. "போதும்" என்றாள். அதற்கப்புறம்தான் அவர் மருந்தைத் தெளிப்பானில் ஊற்றி முதுகில் மாட்டினார்.

எனக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. துத்தக் கரைசல் அமிலத்தன்மை உடையது, சுண்ணாம்பு காரம். காரம் போதாவிட்டால் செம்பு தண்ணீரிலேயே மிச்சம் நிற்கும். அந்தச் செம்புதான் இலையைக் கருக்கும், அதுவேதான் அரிவாளிலும் வந்து படியும். ஆணிப் பாடம், அமில-காரப் பாடம் என்று நான் பதினெட்டு வருடமாக நடத்துகிற இரண்டுமே அவளுடைய நான்கு வரிக்குள் இருந்தன. புத்தகத்தில் உள்ளபடி இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"பாக்காம அடிச்சா என்ன ஆகும்?" என்று அவள் அப்பாவைக் கேட்டேன்.

"ஒரு வருசம் அப்டி அடிச்சிட்டேன் டீச்சர். பாதி மரம் கருகிப்போச்சி. தோப்புக்காரரு மூஞ்சில முழிக்க முடியல. இப்ப எனுக்கு அந்தச் செவப்பு சட்டுனு தெரிய மாட்டேன்து. பாப்பா பாத்துச் சொன்னாதான் அடிக்கிறது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இஸ்கூலுக்குப் போன்னா போவ மாட்டேன்து டீச்சர். இன்னா பேஜாருன்னு தெரியல. வாயத் தொறந்து சொன்னாதான."

வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இங்கே ஒரு தோப்பே அவள் சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. அதே சொல்லை நான் நாற்பது பேர் முன்னால் கேலிக்கூத்தாக்கியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அவளைத் தனியாக ஒரு மரத்தடிக்குக் கூப்பிட்டேன். "நீ எழுதினது சரிதான்மா. எனக்குத்தான் புரியல. மார்க் போட்டுடறேன், நாளைக்கு வந்துடு" என்று தணிந்த குரலில் சொன்னேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைப்பு வேறு.

அவள் கையில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். "மார்க்கு கெடக்கட்டும் டீச்சர். அன்னிக்கி எல்லாரும் இருக்கும்போதுதான படிச்சிக் காட்னீங்கோ. இத்தையும் எல்லார் எதிர்லயும் சொல்லுவீங்களா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. சேற்றில் நடந்து தேடி வந்திருக்கிறேன், தப்பையும் ஒப்புக்கொண்டாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு? அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் ஒரு நீலத் துளி தெறித்திருந்தது. "சொல்றேன்" என்றேன்.

மறுநாள் முதல் பீரியட். அவள் வரவில்லை. ஆள் இல்லாதபோது சொல்லி என்ன பயன், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு உடனே ஒரு சாக்கைக் கண்டுபிடித்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தேன். ஒரு வரி படித்தேன். மூடிவைத்துவிட்டுச் சொன்னேன். அன்று நான் படித்துக் காட்டிச் சிரித்த விடை சரியான விடை, தப்பு என்னுடையது, அவளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட இடம் கொடுத்ததும் நான்தான் என்று. யாரும் சிரிக்கவில்லை.

பீரியட் பாதியில் வாசலில் நிழல் தட்டியது. அவள்தான். காலையில் கலக்கிய டிரம்மைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர நேரமாகிவிட்டதாம். உள்ளே வரச் சொல்லி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவள் கடைசிவரை நின்றபடியே கேட்டுவிட்டு, "சரி டீச்சர்" என்று போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

அந்த வாரம் அனுப்பிய பட்டியலில் அவள் பெயரும் சேர்ந்து போயிற்று. கேலியை ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, மன்னிப்பை மட்டும் காதோடு காதாகச் சொல்லி முடித்துவிட்டு வரப் பார்த்தேனே என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கூசுகிறது.